தையல் மேசை: வாசகர் கேள்வி, பதில்

கேள்வி: லாக் கேபின் குவில்ட்டுக்காக, அதாவது நடுச் சதுரத்தைச் சுற்றித் துணிப் பட்டைகள் தைத்த சதுரங்களைச் சேர்க்கும் ஒட்டுப் போர்வைக்காக, 16 பிளாக் (சதுரம்) தைத்து முடித்துவிட்டேன். ஒவ்வொன்றிலும் மூலைவிட்டத்தின் ஒரு பக்கம் லைட் (வெளிர்), மறுபக்கம் டார்க் (அடர்): மஞ்சள் துணியெல்லாம் லைட் பக்கம், பச்சையெல்லாம் டார்க் பக்கம். தரையில் பரப்பினால் கிட்டத்தில் அழகாக இருக்கிறது. எட்டி நின்றால் ஒரே கலங்கல், எந்த உருவமும் எழவில்லை. தையல் நேராகத்தான் இருக்கிறது. பிரிக்காமல் வழி உண்டா?

பதில்: தையலைக் குறை சொல்லாதீர்கள், அது பாவம். மஞ்சளெல்லாம் ஒரு பக்கம், பச்சையெல்லாம் ஒரு பக்கம் என்று நிறம் பார்த்துப் பிரித்ததுதான் வினை. லாக் கேபினுக்கு எந்த நிறம் என்பது இரண்டாம்பட்சம். எவ்வளவு வெளிறியது, எவ்வளவு அடர்ந்தது என்பதே கணக்கு. கடுகு மஞ்சளையும் வெளிர்ப் பச்சையையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மஞ்சள்தான் டார்க்!

கைபேசியில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்தால் எந்தப் பட்டை ஏமாற்றுகிறது என்று உடனே தெரிந்துவிடும். சிவப்புக் கண்ணாடித்தாள் வழியே பார்க்கச் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. சிவப்புத் துணியெல்லாம் அதில் லைட்டாகத் தெரியும்.

லைட்டும் இல்லாமல் டார்க்கும் இல்லாமல் நடுவில் நிற்கும் துணிகளை நான் தனிப் பெட்டியில் போட்டு, மூடியில் ‘இரண்டுங்கெட்டான்’ என்றே எழுதி வைத்திருக்கிறேன். கெட்ட துணிகள் இல்லை. வெள்ளைக்குப் பக்கத்தில் அதே துணி டார்க். கருநீலத்துக்குப் பக்கத்தில் லைட். ஆனால் ஒரே குவில்ட்டில் இரண்டு வேலையும் கொடுத்தால் இரண்டும் கெடும். வெள்ளையில் பெரிய பூப்போட்ட துணியும் இந்தப் பெட்டிக்குத்தான் போகும். ஒல்லியாக வெட்டினால் ஒரு பட்டை முழுக்கப் பூ, அடுத்தது வெறும் வெள்ளை.

இனி பிரிப்பது. வழக்கமான கட்டு என்றே வைத்துக்கொள்கிறேன்: தைத்த பிறகு நடுச் சதுரம் 2 அங்குலம், பட்டை அகலம் 1 அங்குலம், மூன்று சுற்று, மொத்தம் 8 அங்குலம். சுற்றுக்கு முதலில் இரண்டு லைட், பிறகு இரண்டு டார்க். அப்படியென்றால் பிளாக்கில் டார்க் 33 சதுர அங்குலம், லைட் 27. அந்த 33-ல் 15 கடைசி இரண்டு பட்டைகளிலேயே இருக்கிறது. கடைசியாகத் தைத்ததும் அவைதான்! எனவே முழு பிளாக்கையும் கலைக்க வேண்டாம். அந்த இரண்டை மட்டும் பிரித்துவிட்டு நல்ல அடர்ந்த துணியில் மாற்றுங்கள், டார்க் பக்கம் ஏறக்குறைய பாதி சரியாகிவிடும். முதலில் ஒரே ஒரு பிளாக்கில் செய்து, படம் எடுத்துப் பார்த்துவிட்டு மற்றதில் கை வையுங்கள். தவறு லைட் பக்கத்தில் என்றால் கடைசிச் சுற்றின் நான்கு பட்டைகளையும் பிரித்தாக வேண்டும், அதற்குக் குறுக்கு வழி இல்லை.

கேள்வி: பிளாக்குகளை எப்படி அடுக்குவது என்று முடிவுக்கே வர முடியவில்லை. என்னிடமும் 16 இருக்கின்றன. திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தே பொழுது போகிறது.

பதில்: போகாமல் என்ன செய்யும்? ஒரு பிளாக்கை நான்கு விதமாகத் திருப்பலாம். 16 பிளாக் என்றால் 429 கோடிக்கும் மேற்பட்ட அடுக்குகள். ஒவ்வொன்றாகத் திருப்பாதீர்கள், நந்நான்காகச் சேர்த்துத் திருப்புங்கள்.

முதலில் நான்கு பிளாக்கைச் சதுரமாக வையுங்கள். எல்லாவற்றிலும் லைட்டும் டார்க்கும் பிரியும் மூலைவிட்டக் கோடு ஒரே சாய்வில் இருக்கட்டும். ஆனால் பக்கத்துப் பக்கத்து பிளாக்குகளில் லைட்டும் டார்க்கும் இடம் மாற வேண்டும். ஒன்றை அப்படியே வைத்தால் அடுத்ததைத் தலைகீழாக வையுங்கள். இப்போது ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு லைட், டார்க், லைட், டார்க் என்று நான்கு சாய்ந்த பட்டைகள் தெரியும். இதேபோல் நான்கு தொகுதி செய்யுங்கள். நான்கையும் ஒரே திசையில் வைத்தால் உழுத சால் மாதிரி சாய்கோடுகள் ஓடும். அதுதான் ஸ்ட்ரெய்ட் ஃபர்ரோ. லைட் மூலைகள் நான்கும் நடுவில் சேரும்படி திருப்பினால் வைரத்துக்குள் வைரம், பார்ன் ரெய்சிங். டார்க் மூலைகள் நடுவில் சேர்ந்தாலும் அதே வைரங்கள்தான், நடு மட்டும் இருட்டு. நான் இந்தக் கடைசி வகையின் கட்சி. வெளி மூலைகள் வெளிறிப்போவதால் அடர்ந்த பார்டர் ஒன்று கட்டாயம் தேவைப்படும், அந்த வேலையும் எனக்குப் பிடிக்கும்.

கேள்வி: நடுச் சதுரம் சிவப்பாகத்தான் இருக்க வேண்டுமா? கறுப்பு வைத்தால் அமெரிக்காவில் அடிமைகள் தப்பிச் செல்ல உதவிய அடையாளம் என்கிறார்களே?

பதில்: சிவப்பு கட்டாயமில்லை. லாக் கேபின் என்றால் மரக்கட்டை வீடு. சிவப்பு அந்த வீட்டின் கணப்பு என்று சொல்லிச் சொல்லி வழக்கமாகிவிட்டது. கறுப்புக் கதைக்கு ஆதாரம் இல்லை என்றே வரலாற்றாளர்கள் பலர் சொல்கிறார்கள். அமெரிக்காவில் லாக் கேபின் குவில்ட் பரவலானது 1860-களின் பிற்பகுதியில். அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1865-ல். கறுப்பு பிடித்தால் கறுப்பே வையுங்கள். சிவப்பு வைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: முதல் லைட் பட்டை மெல்லிய துணி என்றால், உள்ளே மடிந்த சிவப்பு விளிம்பு மேலே தெரியும். கொஞ்சம் கனமான துணியாகப் பாருங்கள்.

கேள்வி: லைட், டார்க் இரண்டுக்கும் பட்டை அகலம் ஒன்றாகவே இருக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். லைட்டை 1 அங்குலமாகவும் டார்க்கை ஒன்றரை அங்குலமாகவும் வெட்டுங்கள். கால் அங்குலத் தையல் போக லைட் அரை அங்குலம், டார்க் ஒரு அங்குலம் நிற்கும். நடுச் சதுரம் லைட் மூலைப் பக்கம் ஒதுங்கிவிடும், எல்லைக்கோடு வளைந்துபோகும். டார்க் மூலைகள் உள்ளே வரும்படி நான்கு பிளாக்கைச் சேர்த்தால் வட்டம் மாதிரி ஒன்று எழும், நேர்க்கோட்டைத் தவிர வேறு எதையும் தைக்காமலே. ஆனால் தையல் துளி பிசகினாலும் அரை அங்குலப் பட்டை காட்டிக்கொடுத்துவிடும். மெஷினில் துணியை அழுத்திப் பிடிக்கும் கால் அங்குலப் பாதம் மாட்டிக்கொள்ளுங்கள்.