கல்குவாரி விபத்துகளுக்குத் தொழிலாளியின் கவனக்குறைவுதான் முக்கியக் காரணமா?

பாறைச் சரிவைப் பொறுத்தவரை பெரும்பாலும் இல்லை. குழியை எப்படி வெட்டினார்கள் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கெட்டிப் பாறையில் ஒரு பெஞ்சின் (குழிச்சுவரில் வெட்டும் படியின்) உயரம் 6 மீட்டரைத் தாண்டக்கூடாது என்கிறது 1961-ஆம் ஆண்டின் உலோகச் சுரங்க ஒழுங்குமுறை. அகலமும் அதற்குக் குறையாமல் விடவேண்டும். இப்போது ஒரு கணக்குப் போடுங்கள். குத்தகை நிலத்தின் அகலம் 100 மீட்டர். இரண்டு எல்லையிலும் 7.5 மீட்டர் விட்டால் மிச்சம் 85. ஆறுக்கு ஆறு என்று படிபடியாக இறங்கினால், ஒவ்வொரு மீட்டர் ஆழத்துக்கும் இரண்டு பக்கமும் சேர்த்து 2 மீட்டர் அகலம் போய்விடும். அடியில் ஹிட்டாச்சியும் டிப்பரும் திரும்ப 20 மீட்டராவது வேண்டும். ஆக, 32 மீட்டரோடு, அதாவது சுமார் 105 அடியோடு, நிறுத்தியாக வேண்டும். ஆனால் அதற்குக் கீழேயும் நல்ல கல் இருக்கும்; பக்கத்து நிலமோ வேறொருவருடையது. அங்கேதான் பெஞ்சுகளைச் சீவிவிட்டுச் சுவரை நெட்டுக்குத்தாக இறக்குகிறார்கள். 2022 மே மாதம் நெல்லை அடைமிதிப்பான்குளத்தில் இரவு நேரத்தில் பாறை சரிந்து 6 பேர் சிக்கினார்களே, அந்தக் குவாரியின் ஆழம் சுமார் 300 அடி. 4 பேர் இறந்தார்கள்.

நெட்டுக்குத்துச் சுவர் பல மாதம் நிற்கும், அதுதான் ஆபத்து. பாறையில் இயல்பாகவே உள்ள வெடிப்புகள் குழியை நோக்கிச் சாய்ந்திருந்தால், மழைத்தண்ணீர் உள்ளே இறங்கிப் பிடிமானத்தைக் குறைக்கும். சுவரை ஒட்டிய துளை வரிசையில் வெடிமருந்தை அதிகம் போட்டால் பின்னாலுள்ள கல்லும் அதிர்ந்து விரியும். மேல்விளிம்பில் புது விரிசல், சுவரில் நீர்க்கசிவு, காரணமில்லாமல் உதிரும் சில்லு: இதில் எதைக் கண்டாலும் உடனே ஆட்களை வெளியேற்ற வேண்டும். இரவு வேலையில் இவை கண்ணில் படாது. கூலி லோடு கணக்கில் இருந்தால், தொங்கும் கல்லைக் கடப்பாரையால் தட்டி இறக்கும் நேரத்துக்குக் காசும் கிடையாது.

வெடி விபத்து வேறு கதை. அங்கே அவசரத்துக்குப் பங்கு உண்டு. மருந்து வைத்து வெடித்து முடிந்த துளையின் அடியில் கொஞ்சம் பொந்து மிஞ்சும். டிரில்லுக்குச் சுலபம் என்று அதிலேயே மறுபடி துளை போட்டால், உள்ளே வெடிக்காமல் தங்கிய ஜெலட்டின் (வெடிமருந்து) துண்டில் டிரில்லின் முனை இடிக்கும். மருந்து வெடிக்காத துளையையும் நோண்டக்கூடாது. 30 சென்டிமீட்டராவது தள்ளி, அதற்கு இணையாக வேறு துளை போட்டு வெடிக்க வேண்டும். அதுவும் சான்றிதழ் பெற்ற பிளாஸ்டர், அதாவது வெடி வைப்பவர், முன்னிலையில்.