500 வருஷத்துக்கு ஒரு தடவை சபை புரளுமா? ஒரு சேகர கமிட்டி உறுப்பினருக்குப் பதில்

கேள்வி: எங்கள் ஊர் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் நான் சேகர கமிட்டி, அதாவது சபை நிர்வாகக் குழு, உறுப்பினர். நாலைந்து வருடமாக வாலிபப் பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பக்கத்துத் தெரு பெந்தெகொஸ்தே ஜெபவீட்டுக்குப் போகிறார்கள். சிலர் அங்கே மறுபடியும் ஞானஸ்நானம் எடுத்துவிட்டார்கள். அப்படி எடுத்தவர்களுக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது என்று தீர்மானம் போட வேண்டும் என்கிறார்கள் பெரியவர்கள். இதற்கிடையில், கிறிஸ்தவம் 500 வருடத்துக்கு ஒரு முறை தலைகீழாகப் புரளும், அந்தக் காலம் இப்போது வந்துவிட்டது என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. அடுத்த மாதம் வாலிபர் கூடுகையில் இதைப் பற்றி நான் பேச வேண்டும். அந்தக் கணக்கு சரியா? பிள்ளைகளிடம் என்ன சொல்லலாம்? தீர்மானத்துக்குக் கை தூக்கலாமா? (தூத்துக்குடி மாவட்ட வாசகர்)

பதில்: முதலில் அந்த 500 வருடக் கணக்கை முடித்துவிடுவோம். அது தீர்க்கதரிசனம் ஒன்றும் இல்லை. 2008 வாக்கில் அமெரிக்காவில் பிரபலமான ஒரு பார்வை, அவ்வளவுதான். போப் முதலாம் கிரகோரி பதவிக்கு வந்த 590 வாக்கில் ஒன்று, கிழக்கும் மேற்கும் பிரிந்த 1054-இல் ஒன்று, ஜெர்மனியில் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தரின் 1517-இல் ஒன்று, அப்புறம் நம் காலம். எழுதிப் பார்த்தால் வரிசை அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கணக்கு ஒத்துவருவதற்காக எதையெல்லாம் வெளியே தள்ளியிருக்கிறார்கள் பாருங்கள். 313-இல் ரோமப் பேரரசு துன்புறுத்தலை நிறுத்தியது, ஒளிந்து கூடிய சபை ஒரே தலைமுறையில் அரசவையில் போய் உட்கார்ந்தது, அதைவிடப் பெரிய புரளல் எது? 451-இல் கல்கெதோனில் கூடிய சபைத் தலைவர்கள் சங்கத்துக்குப் பிறகு எகிப்தின் கோப்டிக் சபையும் சிரியாக், ஆர்மேனிய சபைகளும் தனியாகப் போனதும் அந்தத் தேதிகளில் இல்லை. 1653-இல் மட்டாஞ்சேரியில் கேரளத்து மார்த்தோமா கிறிஸ்தவர்கள் சிலுவையைத் தொட்டு, போர்த்துகீசியர் ஆதிக்கத்துக்கு இனிமேல் பணிய மாட்டோம் என்று சத்தியம் பண்ணினார்கள், அதுவும் இல்லை. மேற்கத்தியர் தங்கள் குடும்பக் கதையை உலகக் கதையாகப் போட்ட கணக்கு இது.

1054-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். போப்பின் தூதர் கான்ஸ்டான்டிநோபிள் பேராயரைச் சபைநீக்கம் செய்தார், பேராயர் பதிலுக்கு அந்தத் தூதர் குழுவைச் சபைநீக்கம் செய்தார். சாதாரண விசுவாசிகளுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. 1204-இல் சிலுவைப் போருக்கு என்று கிளம்பிய மேற்கத்தியப் படை அதே கான்ஸ்டான்டிநோபிளைச் சூறையாடியதே, பிளவு உறுதியானது அங்கேதான். 1054-இன் சபைநீக்கங்களை இரண்டு தரப்பும் ரத்து செய்தது 1965-இல். தேதியெல்லாம் பின்னால் வந்தவர்கள் வசதிக்காகக் குத்திய முத்திரை.

சரி, காலண்டர் இல்லையென்றால் புரளல் எப்போது வருகிறது? சபை வரலாறு சொல்லிக்கொடுப்பவன் என்ற முறையில் நான் மூன்று விஷயத்தைப் பார்ப்பேன்: வேதத்தை எடுத்துப் பேச யாருக்கு அனுமதி, பணம் யார் கையில், யாருக்கு எந்த இடத்தில் உட்கார உரிமை. இந்த மூன்றில் ஒன்றாவது ஜனங்களின் நிலைமைக்கு ஒத்துவராமல் போய் நாளாகியிருக்கும். வாசிக்கக் கற்றுக்கொண்டவனை வாயை மூடு என்பார்கள், காணிக்கை போடுகிறவனுக்குக் கணக்குக் காட்ட மாட்டார்கள். வெளியே வெடிக்கும்போது அது உபதேசச் சண்டையாக, பாட்டுச் சண்டையாக, ஞானஸ்நானச் சண்டையாகத் தெரியும். உபதேசம் வெறும் சாக்கு என்று நான் சொல்லவில்லை, லூத்தர் உண்மையாகவே தன் ஆத்துமாவைப் பற்றித் தவித்தவர். ஆனால் அந்தத் தவிப்பு ஒரு ஊரையே கிளப்பியதற்கு வேறு காரணமும் உண்டு.

ஜெர்மனியில் மைன்ட்ஸ் நகரத்துப் பேராயர் ஆல்பிரெக்ட் ஏற்கெனவே ஒரு பேராயப் பதவி வைத்திருந்தவர், இரண்டாவதாக இதையும் பிடிக்க ரோமுக்குப் பெரிய தொகை கட்டவேண்டியிருந்தது. ஆக்ஸ்பர்க் நகரத்து ஃபுக்கர் என்ற வட்டிக்காரக் குடும்பத்திடம் கடன் வாங்கினார். கடனை அடைக்க வழி? பாவத்துக்கான தண்டனையைக் குறைக்கும் பத்திரத்தை ஜனங்களிடம் விற்கலாம், வசூலில் பாதி கடனுக்கு, பாதி ரோமில் புனித பேதுரு ஆலயம் கட்ட. இந்த விற்பனையைக் கேள்வி கேட்டுத்தான் 1517 அக்டோபர் 31-ஆம் தேதி லூத்தர் 95 வாக்கியங்களை வெளியிட்டார். வாக்கியங்களில் கொஞ்சம் பணக் கணக்கும் உண்டு என்பதை நம் சீர்திருத்தத் திருநாள் பிரசங்கங்களில் அதிகம் கேட்க முடிவதில்லை.

இன்னொன்று. பொகேமியாவில் (இன்றைய செக் நாடு) யான் ஹுஸ் என்ற போதகர் நூறு வருடத்துக்கு முன்னாலேயே இந்தப் பத்திர விற்பனையைக் கண்டித்தவர். பாதுகாப்பாக வந்துபோகலாம் என்று வாக்குக் கொடுத்து வரவழைத்து, 1415-இல் கான்ஸ்டன்ஸ் நகரத்தில் உயிரோடு கொளுத்தினார்கள். லூத்தர் மட்டும் எப்படிப் பிழைத்தார்? அச்சு இயந்திரம் வந்திருந்தது, அவர் எழுதியது சில வாரங்களில் ஜெர்மனி முழுக்கப் போய்விட்டது. அப்புறம் சாக்சனி இளவரசர் ஃபிரெடரிக் அவரை வார்ட்பர்க் கோட்டையில் ஒளித்துவைத்துக் காப்பாற்றினார். பேச்சைக் கொண்டுபோக ஒரு கருவி, முதுகுக்குப் பின்னால் ஒரு ஆள். இந்த இரண்டும் உங்கள் ஊர் ஜெபவீட்டுக்கு இன்று கைபேசியிலும் யூடியூபிலும் இருக்கிறது, யோசித்துப் பாருங்கள்.

இப்போது உங்கள் பேச்சுக்கு வருகிறேன். பிள்ளைகளிடம் ஜெர்மனியைப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு நேராகத் திருநெல்வேலிக்கு வந்துவிடுங்கள், ஏனென்றால் இந்தக் கதை முழுக்க நம் மண்ணிலேயே நடந்திருக்கிறது. 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் ஐயர் லூத்தரன் முறையில் குருப்பட்டம் பெற்றவர், அனுப்பியதோ ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) மிஷனரி சங்கமான சி.எம்.எஸ். ஊர் ஊராகச் சபைகளும் பள்ளிக்கூடங்களும் பெருகின. தன் உபதேசியார்களுக்குக் குருப்பட்டம் கொடுக்க ஆங்கிலிக்கன் பேராயர்தான் வரவேண்டுமா என்ற இடத்தில் சங்கத்தோடு முட்டிக்கொண்டார். ஆங்கிலிக்கன் முறைகளை விமர்சித்து எழுதவும் செய்தார். 1835-இல் அவரை நீக்கினார்கள். அவருக்குப் பின்னால் ஒரு கூட்டம் தனியாகப் போனது, 1838-இல் அவர் இறந்த பிறகு மெல்ல மெல்லத் திரும்பச் சேர்ந்தது. இந்தக் கதைக்குக் கடைசி அத்தியாயம் ஒன்று உண்டு, கொஞ்சம் பொறுங்கள்.

அடுத்தது உங்கள் பக்கத்து நாசரேத். அருமைநாயகம் என்ற சட்டம்பிள்ளை அங்கே மிஷனில் வேலை பார்த்தவர், மிஷனரியோடு தகராறாகி வேலையிலிருந்து நீக்கப்பட்டார். அதே காலத்தில், 1849-இல், மிஷனரி கால்டுவெல் நாடார் சமுதாயத்தைப் பற்றி இழிவாகப் படும்படி எழுதிய புத்தகம் வெளிவந்து, பின்னால் பெரிய கோபத்தைக் கிளப்பியது. 1857-இல் சட்டம்பிள்ளை தனிச் சபை தொடங்கிவிட்டார். வெள்ளைக்காரர் வழக்கங்கள் வேண்டாம், வேதத்திலிருந்தே எடுத்துக்கொள்கிறோம் என்று சனிக்கிழமை ஓய்வுநாள், தூபம், பழைய ஏற்பாட்டுப் பண்டிகைகள் என்று போனார்கள். இந்து கிறிஸ்தவ சபை என்று அதற்குப் பெயர். சனிக்கிழமையா ஞாயிற்றுக்கிழமையா என்று வேத வசனத்தோடு எவ்வளவோ வாதம் நடந்திருக்கும். ஆனால் உள்ளே இருந்தது மரியாதைப் பிரச்சினை என்பதை அந்தப் பகுதிக்காரர் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, 1860. ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் கிறிஸ்டியான்பேட்டையில் ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் நடத்திய ஊழியத்தில் ஒரு எழுப்புதல் கிளம்பிப் பரவியது. பாவ அறிக்கை, தரிசனம், அந்நியபாஷை (ஆவியின் ஏவுதலால் தெரியாத மொழியில் பேசுவது) எல்லாம் நடந்ததாக அந்தக் காலத்துக் குறிப்புகளில் இருக்கிறது. மிஷனரிகளில் சிலர் சந்தோஷப்பட்டார்கள், சிலர் முகம் சுளித்தார்கள். அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து அசூசா தெருவில் கறுப்பினப் போதகர் வில்லியம் சீமோர் நடத்திய கூட்டங்களிலிருந்து பெந்தெகொஸ்தே இயக்கம் தொடங்கியது என்பார்கள், அது 1906. நம் ஆட்கள் 46 வருடம் முந்தி. அருளப்பன் யார்? ரேனியஸிடம் படித்தவர். அந்நியபாஷை எல்லாம் வெளிநாட்டிலிருந்து நேற்று இறக்குமதியான சரக்கு என்று கமிட்டியில் யாராவது சொன்னால் இதை எடுத்து வையுங்கள், கொஞ்ச நேரம் அமைதியாக இருப்பார்கள்.

இவர்கள் எல்லாரும் தோற்றவர்கள் மாதிரித் தெரியும். அப்படி முடியவில்லை. மிஷனரி தயவில் இருக்க மாட்டோம் என்ற அந்த உணர்ச்சி சபைக்கு உள்ளேயே வேறு உருவத்தில் வளர்ந்தது. 1903-இல் திருநெல்வேலிக்காரர்களே தங்கள் காசில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கினார்கள், அதில் முன்னால் நின்ற வெள்ளாளன்விளை அசரியா 1912-இல் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயர் ஆனார். 1919-இல் தரங்கம்பாடியில் கூடிய போதகர்கள், ஐரோப்பாவில் உண்டான பிரிவினைகளை நாங்கள் ஏன் சுமக்க வேண்டும் என்று கேட்டு இணைப்புக்கு அறிக்கை விட்டார்கள். பேசிப் பேசி 28 வருடம் போனது. 1945 ஜனவரியில் அசரியா இறந்தே போனார். 1947 செப்டம்பர் 27-ஆம் தேதி சென்னை கதீட்ரலில் சி.எஸ்.ஐ. பிறந்தபோது, பேராயர் கை வைக்காமல் பட்டம் பெற்ற போதகர்களையும் அப்படியே ஏற்றுக்கொண்டார்கள், மறுபட்டம் யாருக்கும் இல்லை. ரேனியஸ் 1835-இல் எதில் முட்டிக்கொண்டு வெளியே போனாரோ, அதே இடத்தில்தான் 112 வருடம் கழித்து சபை விட்டுக்கொடுத்தது. ரோமன் கத்தோலிக்கத்திலும் இதேதான். லூத்தரைச் சபித்த அதே சபை 1545 முதல் 1563 வரை திரெந்து சங்கம் கூட்டி, பத்திர வசூல்காரர்களை ஒழித்து, குருமாணவர்களுக்கு முறையான பள்ளிகள் வைக்கச் சொன்னது. வெளியே போனவர் புதுச் சபையை உண்டாக்குவது ஒரு பக்கம், இருந்தவர்களையும் மாற்றிவிட்டுத்தான் போகிறார்.

அதனால் நீங்கள் செய்யவேண்டியது, பேச்சுக்கு முன்னால், போன பிள்ளைகளில் நாலைந்து பேர் வீட்டுக்குப் போய் உட்காருவது. ஏன் போனாய் என்று கேட்காதீர்கள், குற்றவாளியை விசாரிக்கிற மாதிரி இருக்கும். அங்கே ஒரு வாரத்தில் நீ என்னென்ன செய்கிறாய் என்று கேளுங்கள். பரீட்சைக்குப் பெயர் சொல்லி ஜெபிக்கிறார்கள், சாட்சி சொல்ல மைக் கொடுக்கிறார்கள், நான்தான் கீபோர்டு வாசிக்கிறேன் என்று வரும். பிறகு உங்கள் சபையில் கடந்த ஒரு வருடம் வேதபாடம் வாசித்தவர்கள் யார் யார் என்று எழுதிப் பாருங்கள். ஒரே ஐந்தாறு குடும்பம்தான் வருகிறது என்றால் விஷயம் அங்கே இருக்கிறது. அசனப் பண்டிகைக்கு (சபையின் பொது விருந்து) விறகு தூக்க வாலிபர் சங்கம், வரவுசெலவு வாசிக்கும்போது பெரியவர்கள் மட்டும் என்றால் இன்னும் தெளிவு.

பிள்ளைகளுக்கு ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும், அது நியாயம். சபையைப் புரட்டிப்போட்டவர்களும் பிறகு கெட்டியாகிவிடுவார்கள். 1525-இல் ஜெர்மன் விவசாயிகள் எழுந்தபோது லூத்தர் அவர்களை நசுக்கச் சொல்லி பிரபுக்களுக்கு எழுதினார். இன்றைக்குப் பாஸ்டர், நாளைக்கு அவர் மகன் பாஸ்டர், காணிக்கைக் கணக்கு யாருக்கும் தெரியாது என்றால் அந்த ஜெபவீட்டுக்கும் அதே மூன்று கேள்விதான்.

கடைசியாகக் கல்லறைத் தோட்டம். கை தூக்காதீர்கள். மறு ஞானஸ்நானத்துக்குத் தண்டனை என்பதற்கு முன்னுதாரணம் இருக்கிறது, பெருமைப்படும்படி இல்லை. 1525-இல் சூரிச் நகரத்தில் சிலர், குழந்தையில் எடுத்தது போதாது என்று பெரியவர்களாகி மறுபடி எடுத்தார்கள். 1527 ஜனவரியில் அவர்களில் ஒருவரான ஃபெலிக்ஸ் மான்ஸை ஆற்றில் அமிழ்த்திக் கொன்றார்கள். செய்தது ரோம் இல்லை, சீர்திருத்தக்காரர்கள் ஆண்ட நகரம். லூத்தரன் நாடுகளிலும் அவர்களுக்குத் துன்புறுத்தல்தான். 2010-இல் லூத்தரன் உலகக் கூட்டமைப்பு இவர்களின் வாரிசுகளான மென்னோனைட்டுகளிடம் முறைப்படி மன்னிப்புக் கேட்டது.

மறு ஞானஸ்நானத்தை உங்கள் சபை ஏற்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. சி.எஸ்.ஐ. ஒரே ஞானஸ்நானம் என்ற நிலையில் இருக்கிறது, குருவானவர் அதைத் தெளிவாகவே போதிக்கட்டும். வாக்குரிமை, கமிட்டிப் பதவி இதற்கெல்லாம் திருமண்டல (பேராயரின் ஆளுகைப் பகுதி) விதி என்ன சொல்கிறதோ அதன்படி நடக்கட்டும். பிணத்தை வைத்துச் சண்டை வேண்டாம். அந்தப் பையனின் தாத்தாவும் பாட்டியும் அங்கேதான் கிடக்கிறார்கள், அவன் அம்மா இன்னும் உங்கள் சபையில்தான் சங்கக் காணிக்கை கட்டுகிறாள். ஒரு சாவு வீட்டில் வாசலை மூடினால் ஒருவன் போன இடத்தில் குடும்பமே போகும்.

இன்னொரு நடைமுறை விஷயம். அப்படித் தீர்மானம் போட சேகரத்துக்கு அதிகாரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சபைச் சொத்துகள் பெரும்பாலும் சி.எஸ்.ஐ. டிரஸ்ட் அசோசியேஷன் பெயரில் இருக்கும், சில ஊர்களில் கல்லறை நிலம் ஊர்ப் பொதுவாகவோ பஞ்சாயத்துப் பொறுப்பிலோ இருக்கும். பத்திரத்தை எடுத்துப் பாருங்கள், அடக்கப் பதிவேட்டில் இதுவரை யாரையெல்லாம் அனுமதித்திருக்கிறார்கள் என்றும் பாருங்கள், வேறு சபையார் பெயர் இரண்டு மூன்றாவது இருக்கும் என்றே நினைக்கிறேன். பொருள் கூட்டத்துக்கு வந்தால், திருமண்டல அலுவலகத்திடம் எழுத்தில் விளக்கம் கேட்டுவிட்டு எடுத்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைக்கச் சொல்லுங்கள், நீங்கள் சொன்னதை மினிட்ஸில் பதியவும் சொல்லுங்கள்.