குணத்துக்கும் கிழடு தட்டுவதற்கும் சம்பந்தம் உண்டா?

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 68 வயது, அவருடைய அண்ணனுக்கு 73. ஆனால் பார்க்கிறவர்கள் இவரைத்தான் மூத்தவர் என்கிறார்கள். அண்ணன் முந்தின நாள் சாயங்காலமே கத்தியைத் தீட்டி வைத்துவிட்டு, விடியுமுன் நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு ரப்பர் பால் வெட்டப் போய்விடுவார். இவருக்கு எதற்கெடுத்தாலும் கவலை, ராத்திரி தூக்கமும் கிடையாது. "உன் குணம்தான் உன்னைக் கிழவனாக்குது" என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். உண்மையா டாக்டர்?
- ஒரு வாசகி, குலசேகரம்

பதில்: பாதி உண்மை அம்மா. ஆனால் அந்த வார்த்தையை இனி யாரும் அவர் காதுபடச் சொல்ல வேண்டாம், ஏற்கெனவே கவலைப்படுகிறவருக்கு அது இன்னொரு கவலை.

பிறந்த தேதிப்படி ஒரு வயது, உடம்புக்கு ஒரு வயது. வயதாக ஆக நம் டிஎன்ஏ-வில் மெத்தில் என்ற வேதிக் குறிகள் சில இடங்களில் கூடும், சில இடங்களில் குறையும். அப்படி 353 இடங்களைப் பார்த்து வயதைக் கணிக்கும் முறையை 2013-இல் ஸ்டீவ் ஹோர்வாத் என்ற ஆய்வாளர் வெளியிட்டார். (இதை டெஸ்ட்டாகவே விற்கிறார்கள். காசைக் கொடுக்காதீர்கள், அதில் வருகிற எண்ணை வைத்து எந்த வைத்தியமும் மாறப்போவதில்லை.)

சரி, குணம்? இதில் பலமான சான்று இருப்பது பொறுப்பும் ஒழுங்கும் உள்ள குணத்துக்குத்தான். கலிபோர்னியாவில் 1921-இல் தொடங்கிய ஆய்வில் சிறுவயதிலேயே பொறுப்பானவர்கள் என்று மதிப்பிடப்பட்டவர்கள் மற்றவர்களைவிட நீண்ட நாள் வாழ்ந்ததை 1993-இல் கண்டார்கள். புகை, குடி குறைவாக இருந்தது அதற்கு ஒரு பங்குதான் காரணம். என்னிடம் வரும் குளச்சல்காரர் ஒருவர் காலையில் காலண்டர் தாளைக் கிழித்த கையோடு பிரஷர் மாத்திரையைப் போடுவார், வருஷக்கணக்கில் ஒருநாள்கூடத் தவறியதில்லை. அவருடைய ரத்த அழுத்தத்தைப் பார்த்தாலே அது தெரியும்.

கவலை விஷயம் அவ்வளவு நேராக இல்லை. ஓயாத கவலை தூக்கத்தைக் கெடுக்கும், கார்டிசால் என்ற ஹார்மோன் சுரப்பைக் குலைக்கும், உடம்புக்குள் அழற்சியைக் கூட்டும். அதேசமயம் கவலைப்படுகிறவர்தான் சின்ன வலிக்கும் ஆஸ்பத்திரிக்கு ஓடி, நோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்துவிடுகிறார். அதனால் கவலைக்காரர்கள் எல்லோரும் சீக்கிரம் போய்விடுவதில்லை.

நான் கேட்க நினைப்பது வேறு. அவர் எப்போதுமே இப்படித்தானா, இல்லை இந்த ஒன்றிரண்டு வருஷமாகத்தானா? புதிதாக வந்த கவலை என்றால் அதைக் குணம் என்று விட்டுவிடாதீர்கள், வயதானவர்களுக்கு மனச்சோர்வு பல நேரம் இந்த முகத்தோடுதான் வரும். சுகர், தைராய்டு, பி12 மூன்றையும் பாருங்கள், குறட்டை இருக்கிறதா என்று கவனித்துச் சொல்லுங்கள். மனச்சோர்வுக்கு நல்ல வைத்தியம் இருக்கிறது, 68 வயதில் அது பலிக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அப்புறம், அண்ணனிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தச் சாயங்கால வேலையை. இவருக்கும் நாளைக்கென்று ஒரு காரியம் இருக்கட்டும். பால் வெட்டத் தெரிய வேண்டாம், வெளிச்சம் வந்தபிறகு வடிந்த பாலை எடுக்க ஒரு வாளியோடு அண்ணன் பின்னால் போகலாமே. இன்றைக்கே அந்த வாளியைக் கழுவி வாசலில் வைக்கச் சொல்லுங்கள்.