எழுதக் கற்பிப்பவரின் பயிற்சி

மதிப்பிற்குரிய ஐயா,

பன்னிரண்டு ஆண்டுகளாகப் பள்ளியில் கட்டுரை எழுதக் கற்பித்து வருகிறேன். ஆண்டுதோறும் பயிற்சி வகுப்புகளுக்குச் சென்று உரைகளைக் கேட்கிறேன், கையேடுகளை வாங்கி வருகிறேன். மறுவாரமே பழையபடி ஒவ்வொரு நோட்டிலும் அதே பிழைகளைச் சிவப்பு மையால் சுழித்துக்கொண்டிருக்கிறேன். மாணவர்களோ மதிப்பெண்ணைப் பார்த்ததும் நோட்டை மூடிவிடுகிறார்கள். என்னைப் போன்றவர்கள் எத்தகைய பயிற்சியை நாட வேண்டும்?

ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

மாணவர்களுக்குக் கொடுக்கும் தலைப்பில் நீங்களே ஒரு கட்டுரையை எழுதி, சக ஆசிரியர் ஒருவரிடம் படிக்கக் கொடுத்ததுண்டா? குறை காண்பதற்காக இதைக் கேட்கவில்லை. இசை கற்பிப்பவர் பாடுகிறார், ஓவியம் கற்பிப்பவர் வரைகிறார். எழுதக் கற்பிப்பவரிடம் மட்டும் எழுதும்படி யாரும் கேட்பதில்லை. உங்கள் பயிற்சி வகுப்புகளின் பெருங்குறை இதுவே என்று நினைக்கிறேன்.

1974இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் கிரே என்பவர் தொடங்கிய பயிற்சித் திட்டம் இதற்கு நேர்மாறான வழியில் சென்றது. கோடை விடுமுறையில் சில வாரங்கள் கூடிய ஆசிரியர்கள் தாங்களே எழுதினார்கள், எழுதியதைச் சிறு குழுக்களில் படித்துக் காட்டினார்கள், தங்கள் வகுப்பில் பலன் தந்த ஒரு பாடத்தை ஒருவருக்கொருவர் நடத்திக் காட்டினார்கள். ஆசிரியருக்குச் சிறந்த ஆசிரியர் இன்னோர் ஆசிரியரே என்ற நம்பிக்கையில் எழுந்த அம்முயற்சி, பின்னர் அமெரிக்கா முழுவதும் பரவியது.

எழுதிப் பார்க்கும்போதுதான் சில உண்மைகள் நமக்கே உறைக்கின்றன. எண்ணம் தெளியாத இடத்தில்தான் வாக்கியம் சிக்குகிறது என்பதும், தொடக்கப் பத்தி பெரும்பாலும் கடைசியில்தான் கைகூடுகிறது என்பதும், 'இன்னும் தெளிவாக எழுதவும்' என்ற குறிப்பைப் பெற்றவர் அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் திகைக்கிறார் என்பதும் கையேட்டில் படித்து வருகிற அறிவு அன்று. 1982இல் வெளியான தம் ஆய்வில், எழுதக் கற்பிப்பதை ஆராய்ந்த அமெரிக்கரான நான்சி சாமர்ஸ், ஆசிரியர்களின் குறிப்புகளில் பல எந்தக் கட்டுரைக்கும் பொருந்தும்படி பொதுவாக இருப்பதையும், ஒரே வரைவில் வாக்கியத்தைச் செப்பனிடும்படியும் அதே பத்தியை விரித்து எழுதும்படியும் முரணாகச் சொல்வதையும் காட்டினார். திருத்தி எழுதப்போகும் பத்தியில் மாணவன் ஏன் ஒற்றுப்பிழையைத் தேட வேண்டும்?

நீங்கள் சொல்லும் 'அதே பிழைகள்' தனியே கவனிக்க வேண்டியவை. நியூயார்க் சிட்டி கல்லூரியில் எழுதக் கற்பித்த மினா ஷாக்னசி, புதிதாகச் சேர்ந்த மாணவர்களின் ஏறத்தாழ 4,000 தேர்வுக் கட்டுரைகளைப் படித்து ஆராய்ந்து, 1977இல் நூலாக வெளியிட்டார். அக்கறையின்மை என்று பிறர் தள்ளிய பிழைகளுக்குள் ஓர் ஒழுங்கு இருப்பதையும், மாணவர் தமக்குத் தெரிந்த விதியைத் தெரியாத இடத்துக்கு நீட்டியதால் அவற்றில் பல நேர்ந்தன என்பதையும் அவர் பொறுமையாக விளக்கினார். அந்தப் பொறுமையை நான் மிகவும் மதிக்கிறேன். பிழையைச் சுழிக்க ஒரு நொடி போதும். அது எப்படி வந்தது என்று கண்டறிய உடன் பணிபுரிபவர்களின் கண்களும் வேண்டும்.

ஆகவே, உங்கள் பள்ளியிலேயே இரண்டு மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு, வாரம் ஒரு பாடவேளையாவது கூடுங்கள். ஒரு வாரம் எல்லோரும் ஒரே தலைப்பில் எழுதிப் படியுங்கள். மறுவாரம் பெயரை நீக்கிய மாணவர் கட்டுரை ஒன்றை உரக்கப் படித்து, அவர் எதைச் சொல்ல முயல்கிறார் என்பதை மட்டும் முதலில் பேசுங்கள்; பிழைகளைப் பற்றிய பேச்சு அதன் பிறகே வரட்டும். முதல் சந்திப்பில் கூச்சம் இருக்கும், குறிப்பாக மூத்த ஆசிரியர்களுக்கு. அதனால் உங்கள் கட்டுரையை முதலில் நீங்களே படியுங்கள். அடித்தல் திருத்தல்களோடு கூடிய அந்தத் தாளைப் பிறகு வகுப்புக்கும் எடுத்துச் சென்று, எந்த வரியை ஏன் மாற்றினீர்கள் என்று மாணவர்களிடம் சொல்லுங்கள்.

அன்புடன்.