உந்தம்: வட்டத்துக்குள் யார், வெளியே யார்?

சார், வேகம் இருக்கும்போது உந்தம் என்று தனியாக ஒன்று எதற்கு?

வேகத்தை மட்டும் வைத்துக்கொண்டு, வருகிறதை நிறுத்த எவ்வளவு பாடுபட வேண்டும் என்று சொல்ல முடியாது. நடை வேகத்தில் உருண்டு வரும் சைக்கிளைக் கையால் பிடித்து நிறுத்திவிடுவாய். அதே வேகத்தில் தண்ணீர் லாரி வந்தால் ஒதுங்கிவிடுவாய். நிறையைத் திசைவேகத்தால் பெருக்கினால் உந்தம். 1687-ல் நியூட்டன் இரண்டாம் விதியை எழுதியபோதும் முடுக்கத்தைச் சொல்லவில்லை, 'இயக்கத்தின் அளவு' மாறுவதைத்தான் சொன்னார். அதுதான் நம் உந்தம்.

கேட்ச் பிடிக்கும்போது கையைப் பின்னால் இழுப்பதற்குக் 'கணத்தாக்கு' என்று எழுதி மார்க் வாங்கிவிட்டேன். உண்மையில் புரியவில்லை.

இப்படி ஒப்புக்கொள்கிறவர்கள் குறைவு. விசையை அது செயல்படும் நேரத்தால் பெருக்கினால் கணத்தாக்கு, உந்த மாற்றமும் அதே அளவுதான். கணக்காகவே பார்ப்போம். பந்து 160 கிராம், வேகம் மணிக்கு 108 கிலோமீட்டர், அதாவது விநாடிக்கு 30 மீட்டர். உந்தம் 4.8 கிலோகிராம் மீட்டர்/விநாடி. கை விறைப்பாக இருந்து 0.005 விநாடியில் பந்து நின்றால், சராசரி விசை 960 நியூட்டன். கிட்டத்தட்ட இரண்டு அரிசி மூட்டையின் எடை, உள்ளங்கையில்! கையை இழுத்து 0.03 விநாடி ஆக்கினால் 160 நியூட்டன்தான். ஒரு குடம் தண்ணீரின் எடை, தாங்கலாம். இரண்டு தடவையும் உந்த மாற்றம் அதே 4.8.

சில பேர் கணக்கில் 0.1 விநாடி என்று போடுகிறார்கள். அப்படியானால் கை ஒன்றரை மீட்டர் பின்னால் போக வேண்டும். யாருக்கு அவ்வளவு நீளக் கை?

லாரியும் பைக்கும் மோதினால் விசை இரண்டுக்கும் சமம் என்கிறார்கள். நொறுங்குவது பைக்தானே?

விசை சமம்தான், உந்த மாற்றமும் சமம்தான். லாரி 15,000 கிலோ, பைக் ஆளோடு 200 கிலோ என்றால், லாரியின் வேகம் மணிக்கு 1 கிலோமீட்டர் மாறும்போது பைக்கின் வேகம் 75 மாறுகிறது. சேதம் அங்கே இருக்கிறது.

என் மகனுக்கு லைசென்ஸ் வந்துவிட்டது. வேகம் இரு மடங்கானால் உந்தம் இரு மடங்கு, இயக்க ஆற்றல் நான்கு மடங்கு என்கிறான். பிரேக் எதைப் பார்க்கும் சார்?

நேரத்தைக் கேட்டால் உந்தம், தூரத்தைக் கேட்டால் ஆற்றல். பிரேக் விசை அதேதான் என்றால், 40-ல் போகும்போது 10 மீட்டரில் நிற்கிற வண்டி 80-ல் 40 மீட்டர் ஓடித்தான் நிற்கும். நிற்கும் நேரம் இரு மடங்குதான் ஆகும். ஆனால் குறுக்கே வரும் மாட்டுக்குத் தூரம்தானே முக்கியம்! அதைப் பையனிடம் சொல்லுங்கள்.

மேலேயிருந்து போட்ட மண் உருண்டை தரையில் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. உந்தம் எங்கே போனது? அழிவின்மை விதி பொய்யா?

நான் பதிலுக்கு ஒன்று கேட்கிறேன் தம்பி. கையை விட்டபோது உருண்டைக்கு உந்தமே இல்லை. விழ விழ எங்கிருந்து வந்தது? அதை மட்டும் யாரும் கேட்பதில்லை.

விதி சொல்வது இவ்வளவுதான்: ஒரு வட்டம் போடு, வெளியிலிருந்து நிகர விசை இல்லையென்றால் உள்ளே இருப்பவற்றின் மொத்த உந்தம் மாறாது. நீ உருண்டையைச் சுற்றி மட்டும் வட்டம் போட்டாய், பூமி வெளியே நின்று இழுத்தது. பூமியையும் உள்ளே சேர். ஒரு கிலோ உருண்டையை ஆள் உயரத்திலிருந்து விட்டால் விநாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் தரையைத் தொடும். அதற்குள் பூமியும் மேலே வந்திருக்கும்: 1 போட்டு 24 சைபர் எழுதி, அதால் ஒரு மீட்டரை வகு, விநாடிக்கு அவ்வளவு. ஒட்டிக்கொண்டதும் இரண்டும் கழிந்துபோகும்.

ராக்கெட் வெற்றிடத்தில் எதை உதைத்து மேலே போகிறது?

தன் புகையை. வாயுவும் ராக்கெட்டும் ஒரே வட்டத்துக்குள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 1920-ல் நியூயார்க் டைம்ஸ் இதே சந்தேகத்தை வைத்து அமெரிக்க ராக்கெட் முன்னோடி ராபர்ட் கொடார்டைக் கிண்டல் செய்தது. 1969 ஜூலை 17 அன்று, அப்போலோ 11 நிலவுக்குப் போய்க்கொண்டிருந்தபோது, திருத்தம் போட்டது.

2022-ல் நாசாவின் டார்ட் கலம் சிறுகோளில் மோதியதை ஒட்டிக்கொள்ளும் மோதலாக வைத்துக் கணக்குப் போட்டேன். விடை குறைவாக வருகிறதே?

வரத்தான் செய்யும். சுமார் 580 கிலோ கலம், விநாடிக்கு 6 கிலோமீட்டருக்குச் சற்று அதிக வேகம். மோதப்பட்ட சிறுகோள் டிமார்போஸ், தன் பெரிய துணைச் சிறுகோளைச் சுற்றும் காலம் 11 மணி 55 நிமிடத்திலிருந்து 33 நிமிடம் குறைந்தது. கலம் கொண்டுபோன உந்தத்தைப்போல் சுமார் 3.6 மடங்கு சிறுகோளுக்குக் கிடைத்ததாக மதிப்பிட்டார்கள். சிறுகோளின் அடர்த்தியை எவ்வளவு என்று வைக்கிறோமோ அதைப் பொறுத்து இது கூடும், குறையும்.

ஒரு மடங்குக்கு மேல் எப்படி? சுவரில் அடித்த பந்து அதே வேகத்தில் திரும்பினால், சுவருக்குப் போவது பந்தின் உந்தத்தில் இரு மடங்கு. இங்கே திரும்பி வந்தது கலம் இல்லை, மோதலில் பெயர்ந்த கல்லும் தூசியும், டன் டன்னாக. அவை வந்த வழியே பின்னால் தெறித்ததால் அவற்றின் உந்தம் மைனஸ், சிறுகோள் அந்த அளவுக்கு முன்னால் கூடுதலாகத் தள்ளப்பட்டது. நீ அந்தத் தூசியை வட்டத்துக்குள் சேர்க்காமல் விட்டுவிட்டாய்.