சர்வதேச கால்பந்து புதுசா பார்க்க ஆரம்பிக்கணும், எங்கேர்ந்து தொடங்குறது? எந்த டீமை சப்போர்ட் பண்றது?

கேள்வி கேட்டவர் வயசு 29னு போட்டுருக்கார், இதுவரைக்கும் கிரிக்கெட் தவிர வேற எதுவும் பார்த்ததில்லையாம், கடைசில "இப்ப போய் ஆரம்பிச்சா கேலி பண்ணுவாங்களா"ன்னு ஒரு வரி. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தப் பதில். பண்ணுவாங்க தம்பி. கண்டிப்பா பண்ணுவாங்க. உங்க ஆபீஸ்ல நைட்டெல்லாம் மேட்ச் பார்த்துட்டு காலைல கண்ணு செவந்து வர்ற கோஷ்டி ஒன்னு இருக்கும், அவங்க பேசுறது ஒன்னும் புரியாம பக்கத்துல டீ கிளாஸோட நிக்கிறீங்க, அதானே? நான் ஆரம்பிச்சப்ப எனக்கு 38. அதுவும் உலகக்கோப்பை நடக்குற ஊர்லயே உக்காந்துக்கிட்டு ஆஃப்சைடுன்னா என்னன்னு தெரியாம.

முதல்லயே சொல்லிடுறேன், நான் எக்ஸ்பர்ட் கிடையாது. 4-3-3, 4-4-2ன்னு ஆளுங்க நிக்கிற வரிசையக் கட்டம் போட்டு விளக்குறவங்க நிறைய பேர் இருக்காங்க, அவங்க எழுதுறதையும் படிங்க, நல்லாத்தான் இருக்கும். நான் ஏசி மெக்கானிக். 2016லேர்ந்து 2023 வரைக்கும் கத்தார்ல, தோஹாவுல ஒரு ஹோட்டல் மெயின்டனன்ஸ்ல இருந்தேன்.

கத்தார்னு அழுத்திச் சொல்றேன், ஏன்னா எங்க ஊர்ல இந்த ஏழு வருசமும் நான் "துபாய்க்காரர்"தான். துபாய்ல நான் கால வச்சதே இல்ல. எத்தனை தடவை சொல்றது. திரும்பி வந்து அறந்தாங்கில சின்னதா ஒரு சர்வீஸ் கடை போட்டு, கம்ப்ரசர் கடனுக்கு வாங்கி ஓட்டிக்கிட்டு இருக்கேன், போன வருசம் திருவிழாவுக்கு தலைக்கட்டு வரி எல்லாருக்கும் ஆயிரம்னா எனக்கு மட்டும் அஞ்சாயிரம்னு நோட்டுல எழுதிட்டுப் போயிட்டாங்க. என்னங்கன்னு கேட்டா "துபாய்ல சம்பாரிச்சது எங்கப்பா போச்சு"ங்கறாங்க. சரி விடுங்க, இதெல்லாம் எதுக்கு இங்க. கேள்விக்கு வர்றேன்.

வேலைக்கு வந்தவங்க தங்குற கேம்ப்ல எங்க ரூம்ல ஆறு பேர். நாலு பேர் மலப்புறம், ஒருத்தர் கண்ணூர், அப்புறம் நான். மலப்புறத்துக்காரங்க கூட தங்கிருக்கீங்களா? பந்துங்கிற விசயத்துல அவங்க வேற மாதிரி. ஊர்ல செவன்ஸ் (டீமுக்கு ஏழு பேர் ஆடுற பந்து) ஆடுனவங்க, ரெண்டு பெட்ல அர்ஜென்டினா கொடி, மூனு பெட்ல பிரேசில் கொடி. கோழிக்கோடு பக்கம் புள்ளாவூர்ல ஆத்துக்கு நடுவுல மெஸ்ஸிக்கு 30 அடி கட்அவுட் வச்சாங்க, அதுக்குப் போட்டியா பிரேசில் நெய்மருக்கு 40 அடி வச்சாங்களே, அந்த ஃபோட்டோ வந்த அன்னிக்கு எங்க ரூம்ல யாரும் யாருகூடயும் சோறு திங்கல. என்னைய நடுவுல உக்கார வச்சு "அண்ணாச்சி அர்ஜென்டினாவோ பிரசீலோ"ன்னு ஒரே கேள்வி. மெஸ்ஸி பேரு மட்டும் தெரியும்ங்கிறதால அர்ஜென்டினான்னு சொல்லிட்டேன். கட்சி சேர்ந்த கதை இவ்வளவுதான்.

கத்தார்ல குடியிருக்கிறவங்களுக்கு தனியா ஒரு கேட்டகிரி டிக்கெட் வச்சிருந்தாங்க, லீக் மேட்ச்னா 40 ரியால், நம்ம காசுக்கு ஒரு தொள்ளாயிரம் வரும். ஆன்லைன்ல குலுக்கல் மாதிரி. ரூம்ல இருந்த அத்தனை பேரும் அர்ஜென்டினா - சவுதி மேட்ச்சுக்கு அப்ளை பண்ணோம், பிரேசில்காரங்களும்தான், மெஸ்ஸிய பாக்க யாருக்குத்தான் கசக்கும். கடைசில யாருக்கு விழுந்துச்சு? ஒன்னுமே தெரியாத எனக்கு மட்டும். எங்க ரூம் இக்கா (மலப்புறம் பக்கம் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவாங்க) ஒருத்தர், அம்பது வயசு, மரடோனா காலத்துலேர்ந்து பாக்குறவரு, என் மொபைல்ல அந்தக் கன்ஃபர்மேஷன ரெண்டு நிமிசம் பேசாம பார்த்தாரு. அப்புறம் பெட்டியத் தொறந்து அவரோட ஜெர்சிய எடுத்துக் குடுத்தாரு. எனக்கு தொப்பைல டைட்டு. இருந்தாலும் போட்டுக்கிட்டுப் போனேன்.

2022 நவம்பர் 22, மத்தியானம் ஒரு மணி மேட்ச், லுசைல் ஸ்டேடியம். என்னைச் சுத்தி முழுக்க சவுதிக்காரங்க. பத்தாவது நிமிசம் மெஸ்ஸி பெனால்ட்டி (கீப்பர் மட்டும் எதிர்ல நிக்க நேரா அடிக்கிறது), கோல். எந்திரிச்சு கத்துனேன். அப்புறம் இன்னொரு கோல், கத்துனேன், பக்கத்துல இருந்த பெரியவரு சிரிக்கிறாரு, பார்த்தா கோல் இல்லங்கறாங்க. திரும்ப ஒன்னு, திரும்பக் கத்துனேன், அதுவும் இல்ல. மூனாவதும் அப்படியே. ஃபர்ஸ்ட் ஆஃப்ல மட்டும் மூனு கோல ஆஃப்சைடுன்னு அடிச்சுட்டாங்க, மூனுக்கும் நான் எந்திரிச்சு ஆடிட்டு உக்காந்துருக்கேன். கல்யாணத்துல பந்தி முடிஞ்சப்புறம் இலை போட்டு உக்காந்தவன் மாதிரி ஆயிடுச்சு.

அந்தப் பெரியவரு நல்ல மனுசன். இடைவேளைல என் கைல இருந்த காலி கப், அவரு கப், எல்லாத்தையும் வாங்கி முன்னாடி சீட்டோட முதுகுல வரிசையா வச்சாரு. ஒரு கப் கோல்கீப்பர், ஒரு கப் டிஃபெண்டர், தண்ணி பாட்டில் மூடிதான் மெஸ்ஸி. கூட ஆடுறவன் பந்தத் தள்ளுற அந்த நொடில, மூடி அந்த டிஃபெண்டர் கப்புக்கு இந்தப் பக்கம் இருந்தா ஓகே, கப்பத் தாண்டி அந்தப் பக்கம் போய் நின்னுச்சுன்னா "தஸல்லுல்". அரபில ஆஃப்சைடுக்கு அதான் வார்த்தை. கேம்ப்ல வந்து அரபி தெரிஞ்சவர்கிட்ட கேட்டா தஸல்லுல்னா சத்தமில்லாம, களவாணித்தனமா உள்ள நுழையறதுன்னு அர்த்தமாம். எனக்கு அதுக்கப்புறம் ஆஃப்சைடுல சந்தேகமே வந்ததில்ல. எதிர் டீம்காரன் ஒருத்தனாச்சும் கோல்கீப்பர் போக காவலுக்கு நிக்கணும், அவனுக்குப் பின்னாடி முன்கூட்டியே போய் பதுங்குறவன் களவாணி. (கீப்பர் முன்னேறி வந்துட்டா கணக்கு மாறும், சொந்தப் பாதில நின்னா ஆஃப்சைடு கிடையாதுன்னெல்லாம் கமெண்ட்ல வந்து திருத்துவீங்க, தெரியும். ஆரம்பிக்கிறவருக்கு இது போதும்.)

செகண்ட் ஆஃப்ல அஞ்சே நிமிசத்துல ரெண்டு கோல். 48ல ஒன்னு, 53ல ஒன்னு. ரெண்டாவதப் போட்ட சலேம் அல்-தவ்சரி அப்படியே குட்டிக்கரணம் அடிக்கிறாரு, நான் அர்ஜென்டினா ஜெர்சியோட நிக்கிறேன், அந்தப் பெரியவரு என்னையக் கட்டிப் பிடிச்சு அழுவுறாரு. நான் என்ன பண்றது, நானும் கட்டிக்கிட்டேன். 36 மேட்ச் தோக்காம வந்த அர்ஜென்டினா 2-1ல தோத்துப் போச்சு. சவுதில மறுநாள் நாட்டுக்கே லீவு விட்டாங்க.

ரூமுக்கு வந்தா ஒருத்தரும் பேசல. ஜெர்சிய தொவச்சு மடிச்சு இக்காகிட்ட குடுத்தேன். வாங்கி வச்சுக்கிட்டு மெதுவா சொன்னாரு, "அண்ணாச்சி இனி அர்ஜென்டினா களி காணண்டா." இனிமே அர்ஜென்டினா ஆட்டத்தைப் பாக்க வேணாம்னு அர்த்தம். ராசியில்லாதவனாம்! அதுக்கப்புறம் அர்ஜென்டினா மேட்ச்னா என்னைய ரூம விட்டே வெளிய அனுப்புனாங்க. அர்ஜென்டினா உலகக்கோப்பையே ஜெயிச்சுச்சு, ஃபைனல் 3-3 ஆகி பெனால்ட்டில 4-2, அந்த மேட்ச்ச நான் கேம்ப் மெஸ்ல தனியா உக்காந்து பார்த்தேன். என்னைய வெளிய அனுப்புனதாலதான் கப் வந்துச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் அவங்களுக்கு நம்பிக்கை.

ஆனா அதுக்குள்ள எனக்குன்னு வேற டீம் கெடைச்சிருச்சு. இதைத்தான் நான் சொல்ல வந்ததே. எங்க ஹோட்டல் வாசல்ல லக்கேஜ் தூக்குற பையன் ஒருத்தன், மொராக்கோக்காரன். டிசம்பர் 6, மொராக்கோ - ஸ்பெயின், ஸ்டாஃப் கேன்டீன் டிவில பாக்குறோம். ஸ்பெயின் ஆயிரத்துக்கு மேல பாஸ் போட்டுருக்காங்க அன்னிக்கு, ஒன்னும் உள்ள போகல. 120 நிமிசம், 0-0. கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவங்களுக்கு இது கடுப்பாத்தான் இருக்கும், எனக்கும் இருந்துருக்கும், ஆனா பக்கத்துல அந்தப் பையன் உக்காந்துருந்த விதம் இருக்கே. பெனால்ட்டி வந்ததும் அவனால பாக்க முடியல, தண்ணி கூலரப் பார்த்து திரும்பி நின்னுக்கிட்டு என்னைய சொல்லச் சொன்னான். நான் ஒவ்வொன்னா சொல்றேன். ஸ்பெயின் ஒன்னு போஸ்ட்ல அடிச்சுச்சு. அடுத்தத மொராக்கோ கீப்பர் போனோ புடிச்சாரு. அதுக்கடுத்ததும் புடிச்சாரு. கடைசில மொராக்கோவோட ஹக்கிமி வந்து, இவ்வளவு பதட்டத்துல, பந்த கரண்டில எடுத்து ஊத்துற மாதிரி மெதுவா நடுவுல தூக்கிப் போட்டான் பாருங்க. எனக்கு வாய் வரல. பையன் "சொல்லு சொல்லு"ங்கறான், கூலரப் பிடிச்சுக்கிட்டு.

அந்த ஹக்கிமி மாட்ரிட்ல பொறந்தவன். அம்மா வீட்டு வேலை செஞ்சவங்க, அப்பா தெருவுல யாவாரம். மொராக்கோ டீம்ல 26 பேர்ல 14 பேர் வெளிநாட்டுல பொறந்தவங்க, பொழைக்கப் போனவங்க பிள்ளைங்க. ஜெயிச்சதும் ஸ்டாண்டுக்கு ஓடிப் போய் அம்மாவ முத்தம் குடுக்குறான், போர்ச்சுகல ஜெயிச்ச அன்னிக்கு இன்னொரு பிளேயர் பூஃபால் தன் அம்மா கையப் பிடிச்சு கிரவுண்டுலயே ஆடுறான். ஏழு வருசத்துல ரெண்டு தடவைதான் நான் ஊருக்கு வந்தேன். அதுக்கு மேல எனக்கு வேற டீம் தேவைப்படல.

ஆப்பிரிக்காலேர்ந்து செமி ஃபைனலுக்கு வந்த முதல் டீம் அது. செமில பிரான்ஸ்கிட்ட 2-0 தோத்தாங்க. "ஜெயிக்கிற குதிரைல ஏறிக்கிட்டான்"னு சொல்றவங்களுக்கு: 2024 ஜனவரில ஆப்பிரிக்கக் கோப்பைல தென்னாப்பிரிக்காகிட்ட 2-0 தோத்ததையும் பார்த்தேன், நம்ம நேரம் ராத்திரி ஒன்றரைக்கு, அறந்தாங்கில, வீட்டுக்காரம்மா திட்டத் திட்ட. ஹக்கிமி அன்னிக்கு பெனால்ட்டிய பார்ல அடிச்சான். காலைல ஒரு வீட்ல கேஸ் ஃபில் பண்ணும்போது கூட அதான் மண்டைல ஓடுச்சு.

இந்தியாவ ஏன் சொல்லலன்னு ஒருத்தர் வருவாரு. பாக்குறேங்க, அதையும் பாக்குறேன். 2024 ஜூன்ல உலகக்கோப்பை தகுதிச் சுற்றுல, நான் இருந்த அதே தோஹாவுல, கோட்டுக்கு வெளிய போன பந்த உள்ள இழுத்து கத்தார் கோல் போட்டுச்சு, ரெஃபரி குடுத்துட்டாரு, இந்தியா 2-1 தோத்து வெளிய. வயிறு எரியுது, அதனால அதப் பத்தி வேணாம்.

சரி தம்பி, உங்களுக்கு. தினமும் நடக்குற கிளப் மேட்ச்லேர்ந்து ஆரம்பிக்காதீங்க. ஐபிஎல் மாதிரி, யாரு எந்த டீம்ல இருக்கான்னு புரியறதுக்குள்ள சீசன் முடிஞ்சிரும். நாட்டு டீம்கள் வருசத்துல சில வாரம்தான் கூடும், மார்ச், ஜூன், செப்டம்பர், அக்டோபர், நவம்பர்னு, ஈஸியா பின்தொடரலாம். 2026 உலகக்கோப்பை அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூனு இடத்துலயும், ஜூன் 11லேர்ந்து ஜூலை 19 வரைக்கும், 48 டீம், 104 மேட்ச். எல்லாத்தையும் பார்க்கணும்னு உக்காந்தீங்கன்னா வேலை போயிரும். ஒரே ஒரு டீம எடுத்துக்கங்க. ரொம்பப் பெரிய டீமா வேணாம், மொத ரவுண்டோட கிளம்புற டீமாவும் வேணாம். அந்த ஆளுங்க எங்க பொறந்தாங்க, என்ன வேலை பார்த்தாங்க அப்பா அம்மான்னு கொஞ்சம் படிங்க. குராசோன்னு ஒன்னரை லட்சம் சனம் இருக்குற தீவு கூட இந்த தடவை வந்துருக்கு, உலகக்கோப்பைக்கு வந்ததுலயே சின்ன நாடு அதுதான். ரூல் எல்லாம் தானா வரும். ஜெயிச்சா 3 பாயின்ட், டிரா ஆனா 1, நாக்அவுட்ல சமம்னா இன்னும் 30 நிமிசம், அப்பவும் சமம்னா பெனால்ட்டி. அவ்ளோதான். எந்தப் பிளேயர் எந்த வருசம் எந்த கிளப்ல இருந்தான்னு பரீட்சை வைக்கிறவன்கிட்ட "தெரியாதுண்ணே"ன்னு சொல்லிட்டு டீயக் குடிங்க.

மொராக்கோவுக்கு இந்த தடவை குரூப்ல மொத மேட்ச்சே பிரேசிலோட. நம்ம கணக்குக்கு ஜூன் 14 விடிகாலை. எங்க பழைய ரூம்ல பிரேசில் பார்ட்டி ஒருத்தன், 2022ல லுசைல்ல பிரேசில் - செர்பியா மேட்ச் பாக்கணும்னு என்கிட்ட 200 ரியால் வாங்கிட்டு இன்னிக்கு வரைக்கும் தரல, ஆனா வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல வாரம் ஒரு புது ஜெர்சி. குரூப் டிரா வந்த அன்னிக்கு அவனே மெசேஜ் போட்டான், "அண்ணாச்சி, மொராக்கோ ஜெயிச்சால் 400, பிரசீல் ஜெயிச்சால் கணக்கு தீர்ந்நு." ஒத்துக்கிட்டேன். அலாரம் மூனு மணிக்கு வைக்கணும், வீட்டுக்காரம்மாகிட்ட இன்னும் சொல்லல.