எழுதிக்கொள்ள ஏதாவது கொடுங்கள்

அன்புள்ள ஐயா,

ஒரு கிடங்கில் கையிருப்புக் கணக்குப் பார்க்கிறேன். மேற்பார்வையாளர் வேலைக்காக ஐந்து இண்டர்வியூ போய்வந்தேன். எல்லா இடத்திலும் "சொல்லி அனுப்புகிறோம்" என்றார்கள். இணையத்தில் கிடைத்த 50 கேள்வி பதில்களை மனப்பாடம் செய்திருக்கிறேன். ஆனாலும் போய் உட்கார்ந்ததும் கை நடுங்குகிறது. தன்னம்பிக்கை போதவில்லை என்கிறார்கள் நண்பர்கள். என்ன உடை போடுவது, கைகளை எங்கே வைப்பது, பலவீனம் என்ன என்று கேட்டால் என்ன சொல்வது? சாதனை என்ன என்று கேட்டால், "எங்கள் குழு கையிருப்பு வித்தியாசத்தைக் கணிசமாகக் குறைத்தது" என்கிறேன். சரிதானா?

பி.கு.: ஆண்டுக் கணக்கெடுப்பு நடந்ததால் எழுதத் தாமதம். திரும்பி வரும் சரக்கை அன்றே அலமாரியில் வைத்துவிட்டு மறுநாள்தான் கணினியில் ஏற்றுகிறார்கள் என்பதைக் கண்டுபிடித்து மாற்றினேன். போன வருடம் மூன்று நாள் இழுத்த வேலை இந்த முறை ஒரே நாளில் முடிந்தது.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

துவைத்துத் தேய்த்த உடை போதும். கை எங்கே இருந்தாலும் சரி, நடுங்கினால் நடுங்கட்டும். நேர்காணல் எடுப்பவர்கள் நடுங்கும் கைகளை நிறையப் பார்த்தவர்கள். பலவீனம் என்று கேட்டால் உண்மையான ஒரு குறையையும் அதைச் சரிசெய்ய நீங்கள் எடுக்கும் முயற்சியையும் இரண்டு வாக்கியத்தில் சொல்லுங்கள்.

அந்த 50 பதில்களை இன்றைக்கே அழித்துவிடுங்கள். படித்த பையன், வேலை தெரிந்த பையன், யாரோ முகம் தெரியாதவர் எழுதிய பதிலை ஏன் ஒப்பிக்கிறீர்கள்? மனப்பாடம் எங்கே மாட்டிவிடும் என்றால் இரண்டாவது கேள்வியில். "குழுவில் கருத்து வேறுபாடு வந்தால் என்ன செய்வீர்கள்?" என்பதற்குப் பதில் தயாராக இருக்கும். "சரி, கடைசியாக எப்போது வந்தது? அன்று நீங்கள் என்ன சொன்னீர்கள்?" என்று அவர் தொடர்ந்தால் கையில் ஒன்றும் இருக்காது. தன்னம்பிக்கை இல்லை என்று உங்களிடம் சொன்னவர்கள் பார்த்தது இந்த வெறுமையைத்தான்.

எதிரே இருப்பவர் என்ன செய்கிறார் என்று கவனித்திருக்கிறீர்களா? எழுதிக்கொண்டிருக்கிறார். முறையாக நேர்காணல் நடத்தும் இடங்களில் வருகிற எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, ஒவ்வொரு பதிலுக்கும் முன்கூட்டியே வகுத்த அளவுகோலின்படி, பெரும்பாலும் ஒன்று முதல் ஐந்துக்குள், மதிப்பெண் போடுகிறார்கள். இதற்குக் காரணம் இருக்கிறது. ஃபிராங்க் ஷ்மிட், ஜான் ஹண்டர் என்ற இரண்டு உளவியலாளர்கள் வேலைக்கு ஆள் எடுப்பது பற்றிய 85 ஆண்டு கால ஆய்வுகளைத் தொகுத்து 1998இல் வெளியிட்ட கட்டுரையில், இப்படி வரையறுத்து நடத்தும் நேர்காணல், மனம்போன போக்கில் பேசும் நேர்காணலைவிட ஒருவர் பின்னால் எப்படி வேலை செய்வார் என்பதை நன்றாகக் கணிக்கிறது என்று காட்டினார்கள். பால் சாக்கெட்டும் உடன் ஆய்வாளர்களும் 2022இல் அந்தக் கணக்குகளைத் திருத்திப் பார்த்தபோது ஆள் எடுக்கும் பல முறைகளின் கணிக்கும் திறன் முன்பு நினைத்ததைவிடக் குறைவு என்று தெரிந்தது. அந்தத் திருத்திய கணக்கில் வரையறுத்த நேர்காணல்தான் முதலிடத்துக்கு வந்தது.

ஆகவே அந்தத் தாளில் எழுதிக்கொள்ள நீங்கள் ஏதாவது கொடுக்க வேண்டும். "எங்கள் குழு கணிசமாகக் குறைத்தது" என்ற உங்கள் வாக்கியத்தை வைத்து அவர் என்ன எழுதுவார்? குழுவில் நீங்கள் என்ன செய்தீர்கள்? கணிசம் என்றால் எவ்வளவு? எதனால் குறைந்தது? மூன்றுக்கும் பதில் இல்லை. நல்ல எண்ணம் கொண்டவராக இருந்தாலும் அவரால் மதிப்பெண் போட முடியாது. "நான் செய்தேன்" என்று சொல்வது தற்பெருமை என்ற கூச்சம் உங்களைத் தடுக்கிறது என்று தெரிகிறது. அந்தக் கூச்சம் எனக்குப் பிடித்த குணம்தான். ஆனால் நடந்ததை நடந்தபடி சொல்வது பெருமையடிப்பதாகாது.

உங்கள் கடிதத்தின் மிகச் சிறந்த பகுதியைப் பின்குறிப்பில், அதுவும் தாமதத்துக்குச் சாக்காக எழுதியிருக்கிறீர்கள்! அதைப் படித்துவிட்டுத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். அதையே இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "ஆண்டுக் கணக்கெடுப்பு மூன்று நாள் இழுத்தது. அலமாரியில் இருப்பதும் கணினியில் இருப்பதும் ஒத்துப்போகவில்லை. காரணம் தேடும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். வித்தியாசம் வந்த பொருட்களை மட்டும் தனியாகப் பட்டியலிட்டேன். அவற்றில் பெரும்பாலானவை திரும்பி வந்த சரக்கு. அலமாரியில் வைப்பது இன்று, பதிவு நாளை. பதிவாகும்வரை அவற்றைத் தனி அடுக்கில் நிறுத்திவைக்க ஏற்பாடு செய்தேன். இந்த ஆண்டு ஒரே நாளில் முடிந்தது." பட்டியலும் அடுக்கும் என் ஊகம். அந்த இடத்தில் நீங்கள் உண்மையில் செய்ததை வையுங்கள்.

சூழ்நிலையும் உங்கள் பொறுப்பும் அரை நிமிடத்தில் முடிந்துவிட வேண்டும். நீங்கள் செய்தது ஒரு நிமிடம், விளைவு சில நொடிகள். மொத்தம் இரண்டு நிமிடத்தைத் தாண்டக் கூடாது. பலர் சூழ்நிலையை விவரிப்பதிலேயே இரண்டு நிமிடத்தையும் தீர்த்துவிட்டு, செய்ததைச் சொல்லும் நேரத்தில் அவசரப்படுகிறார்கள். மதிப்பெண் இருப்பதோ அங்கேதான்.

இப்படி ஆறேழு நிகழ்ச்சிகள் போதும். வேலை விளம்பரத்தை எடுத்து அவர்கள் கேட்கும் திறமைகளை அடிக்கோடிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிகழ்ச்சியாவது இருக்கிறதா பாருங்கள். தவறு செய்து திருத்திய நிகழ்ச்சி ஒன்றும், ஒருவரோடு உரசல் வந்து தீர்ந்த நிகழ்ச்சி ஒன்றும் கட்டாயம் வேண்டும். முழு வாக்கியமாக எழுதாதீர்கள், எழுதினால் மறுபடி மனப்பாடத்தில் இறங்கிவிடுவீர்கள். எண்களையும் செய்த செயல்களையும் மட்டும் குறித்துக்கொண்டு, ஃபோனில் பதிவு செய்தபடி வாய்விட்டுச் சொல்லுங்கள். கேட்டுப் பார்த்து, "எப்படி?", "ஏன் அப்படி?", "வேறு வழி யோசித்தீர்களா?" என்று நீங்களே மூன்று கேள்வி கேளுங்கள். பதில் வராத இடத்தை நினைவிலிருந்தோ உடன் வேலை பார்த்தவரிடமிருந்தோ நிரப்புங்கள். கேள்வி விழுந்ததும் பதில் சொல்லத் துடிக்க வேண்டாம். ஐந்து நொடி யோசித்தால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

கடைசியில் "ஏதாவது கேட்க வேண்டுமா?" என்பார்கள். "முதல் ஆறு மாதத்தில் இந்த வேலையில் இருப்பவர் எதை முடித்திருக்க வேண்டும்?" என்று கேளுங்கள். பதிலைக் குறித்துக்கொள்ளுங்கள், அடுத்த சுற்றுக்கு அழைத்தால் எந்த நிகழ்ச்சியை முன்னால் வைப்பது என்று அதிலிருந்து தெரியும்.

ஆறேழு நிகழ்ச்சிகளையும் குறிப்பாக எழுதி எனக்கு அனுப்புங்கள். இந்த முறை பின்குறிப்பில் வேண்டாம்.

அன்புடன்.